பேர்ச்சஸ், கியூப், மில்லிமீற்றர்: ஒரே வளவுக்குள் இத்தனை அளவு ஏன்?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் கனடாவில் இருக்கிறீர்கள், ஆரையம்பதியில் அம்மாவின் வளவில் வீடு கட்டப் பார்க்கிறீர்கள். உறுதியில் காணி 20 பேர்ச்சஸ் என்று இருக்கிறது, புதிதாக அளந்த பிளானில் 0.0506 ஹெக்டேயர் என்று இருக்கிறது, மேசன் சதுர அடிக்குக் கூலி கேட்கிறார், மணலுக்குக் கியூப் கணக்கு, கம்பிக்கு மில்லிமீற்றர், குழாய்க்கு இஞ்சி, அதாவது அங்குலம். இலங்கை மெட்ரிக் நாடுதானே, பிறகேன் இந்தக் கூத்து, இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் வீட்டுப் படம் கீறி எஸ்டிமேட் போடுவதுதான் என் பிழைப்பு, அதனால் இது எனக்குத் தினமும் வருகிற கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நேரடிப் பதில்: எல்லாமே சரி. 20 பேர்ச்சஸும் 0.0506 ஹெக்டேயரும் ஒரே காணிதான், அம்மாவின் வளவில் ஒரு கை மண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காசு கரைவது எங்கே என்றால், ஒருவர் வாயிலிருந்து ஒரு எண் அடுத்தவர் காதுக்குப் போகும்போது அதன் அலகு வழியில் விழுந்துவிடுகிற இடத்தில். "பத்துப் போடுங்க" என்பார்கள். பத்து என்ன? அதைக் கேட்காமல் தலையாட்டுகிறவர்தான் பிறகு டிப்பர்காரரோடு சண்டைக்கு நிற்பார்.

காணியிலிருந்து தொடங்குவோம். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. ஏன் இப்படி ஒரு அசிங்கமான எண் என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய ஆங்கிலேய நில அளவைக் கோல் பதினாறரை அடி நீளம், பதினாறரையைப் பதினாறரையால் பெருக்கினால் 272.25, அவ்வளவுதான். அந்தக் கோல் நாலு சேர்ந்தால் 66 அடி, அதுதான் சேவேயரின் சங்கிலி. 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் அந்தச் சங்கிலியை 100 கண்ணியாகப் பிரித்துவிட்டார், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்று கணக்கும் முழுசாக வந்துவிட்டது. கையில் சங்கிலி வைத்திருந்தவனுக்கு இது அருமையான முறை. சங்கிலி போய்விட்டது, எண் மட்டும் நம் உறுதிகளில் தங்கிவிட்டது. 40 பேர்ச்சஸ் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர், ஆக ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், 43,560 சதுர அடி. ஹெக்டேயர் என்றால் 100 மீற்றருக்கு 100 மீற்றர், அதாவது 2.471 ஏக்கர், பேர்ச்சஸில் 395.37.

உங்கள் 20 பேர்ச்சஸ் 5,445 சதுர அடி, 505.9 சதுர மீற்றர். அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 0.0506 ஹெக்டேயர். பார்த்தீர்களா, ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம்: ஹெக்டேயரில் எழுதும்போது புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் கட்டாயம் வேண்டும். யாராவது சோம்பலில் 0.05 என்று எழுதி, அதை இன்னொருவர் திரும்பப் பேர்ச்சஸாக்கினால் 19.77 வரும், 63 சதுர அடி காணாமல் போயிருக்கும். ஒரு குளியலறையும் அதற்கு மேலும் அது. நல்ல சேவேயர் பிளானில் இரண்டையும் போட்டுத் தருவார், போடாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பழைய உறுதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. 0-1-20 என்று மூன்று எண் வரிசையாக நிற்கும்: ஏக்கர் 0, றூட் 1, பேர்ச்சஸ் 20. கூட்டினால் 60 பேர்ச்சஸ். இதை 20 பேர்ச்சஸ் என்று வாசித்தவர்களும் உண்டு, 0.120 என்று கம்பியூட்டரில் அடித்தவர்களும் உண்டு. உங்கள் உறுதியில் நடுவில் நிற்கும் எண் பூச்சியம்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் யாராவது விலை கேட்டால் அவர் பரப்பில் பேசுவார், அங்கே 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே உங்களுடையது இரண்டு பரப்பு. அது வேறு கதை, விடுங்கள். இங்கே பரப்பு செல்லாது.

இனி வீட்டுக்குள் வருவோம். என் அனுபவத்தில் அடிக்கும் மீற்றருக்கும் நடக்கிற சண்டையைவிட அடிக்கும் அடிக்கும் நடக்கிற சண்டைதான் பெரிது. எப்படி என்று சொல்கிறேன். மேசன் துண்டுக் கடதாசியில் யன்னல் உயரம் 5.10 என்று எழுதுவார். அவர் சொல்வது ஐந்து அடி பத்து அங்குலம். அதை வட்ஸ்அப்பில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார், நீங்கள் எக்செல்லில் அடிப்பீர்கள், எக்செல் கடைசிப் பூச்சியத்தைத் தின்றுவிட்டு 5.1 என்று காட்டும், அதாவது ஐந்து அடி ஒரு அங்குலமும் சொச்சமும். கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் அம்போ. 12.5 என்றால் இன்னும் மோசம், மேசனுக்கு அது பன்னிரண்டு அடி ஐந்து அங்குலம், என்ஜினியருக்குப் பன்னிரண்டரை அடி. வித்தியாசம் ஒரே ஒரு அங்குலம் என்பதால் யார் கண்ணிலும் படாது, கதவு நிலை வைக்கும் அன்றுதான் தெரியும். ஆகவே அடிக் கணக்கில் புள்ளி வைக்கவே கூடாது. அடிக்கு ஒற்றைக் கோடு, அங்குலத்துக்கு இரட்டைக் கோடு, அதுவும் இல்லாவிட்டால் எழுத்தில் "5 அடி 10 அங்குலம்" என்று எழுதச் சொல்லுங்கள். நான் என் படங்களில் வேறு எந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

மெட்ரிக்கின் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். விஞ்ஞானம், பிரெஞ்சுப் புரட்சி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், 1778 மில்லிமீற்றர் என்று எழுதினால் அதை வேறு விதமாக வாசிக்க ஒருவராலும் முடியாது. புள்ளியும் இல்லை, பின்னமும் இல்லை. ஆனால் மேசனிடம் போய் 1778 என்று சொன்னால் அவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். டேப்பின் மேல் ஓரத்தில் அங்குலம், கீழ் ஓரத்தில் சென்ரிமீற்றர், பெருவிரல் எப்போதும் மேல் ஓரத்தில்தான் நிற்கும். அவர் தகப்பனிடம் தொழில் பழகியது அடியில். ஒரு அறையின் நடுவில் நின்று "இது பத்துக்குப் பன்னிரண்டு" என்று கண்ணால் சொல்லக்கூடிய மனுசன் அவர், அந்தக் கண்ணை மீற்றருக்கு மாற்றச் சொல்வது நியாயமில்லை.

அடுத்து, அடியை மீற்றராக்கும்போது எல்லோரும் சறுக்குகிற இடம். ஒரு மீற்றர் 3.28 அடி, இது எல்லோருக்கும் தெரியும். பரப்பளவுக்கும் அதே 3.28ஆல் வகுத்துவிடுவார்கள். 1,200 சதுர அடி வீடு அப்போது 366 சதுர மீற்றர் ஆகிவிடும், மாளிகை! பரப்பளவுக்கு 10.76ஆல் வகுக்க வேண்டும், சரியான விடை 111.5. கன அளவுக்கு 35.31. நீளத்துக்கு ஒன்று, பரப்புக்கு அதன் வர்க்கம், கனத்துக்கு அதன் கனம், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

இப்போது மணல். தம்பி, இதைக் கவனமாக வாசியுங்கள், வெளிநாட்டிலிருந்து வீடு கட்டுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், யாரும் ஏமாற்றாமலேயே ஏமாறுவார்கள். இங்கே ஒரு கியூப் என்றால் 100 கன அடி. கன மீற்றர் இல்லை. மீற்றரில் சொன்னால் 2.83 கன மீற்றர். என்ஜினியர் தந்த பட்டியலில் மணல் 10 என்று மட்டும் இருந்து, அது கன மீற்றர் என்று தெரியாமல் நீங்கள் 10 கியூப் சொல்லிவிட்டால், தேவைக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மணல் வளவில் வந்து கொட்டும். உண்மையில் தேவை மூன்றரைக் கியூப். மிச்சத்தை மழை வாய்க்காலுக்குள் இழுத்துப் போகும், அல்லது பக்கத்து வளவுக்காரர் நன்றி சொல்வார். அதேபோல ஸ்கொயர் என்று சொல்வார்கள், அது 100 சதுர அடி, 9.29 சதுர மீற்றர். பூச்சு, கூரை வேலைக்கெல்லாம் அந்தக் கணக்கில் கூலி பேசுகிறவர்கள் உண்டு. கூலி ஸ்கொயருக்கா சதுர அடிக்கா என்று கேளுங்கள், எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும்.

கம்பி விஷயம் இன்னும் சுவாரசியம், ஆபத்தும் கூட. கடையில் இருப்பது 10, 12, 16 மில்லிமீற்றர். பழைய ஆட்கள் வாயில் வருவது இன்னும் பழைய அங்குலப் பெயர்தான்: எட்டில் மூன்று அங்குலக் கம்பிக்கு இப்போது பத்து மில்லி, அரை இஞ்சிக்குப் பன்னிரண்டு மில்லி, எட்டில் ஐந்துக்குப் பதினாறு. ஒன்றுக்கு ஒன்று ஈடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டில் மூன்று அங்குலம் 9.5 மில்லி, அதற்கு 10 மில்லி போட்டால் இரும்பின் வெட்டுமுகம் பத்து வீதம் கூடுகிறது, நல்லது. எட்டில் ஐந்து அங்குலம் 15.9 மில்லி, 16 போட்டால் கிட்டத்தட்ட சமம். ஆனால் அரை அங்குலம் 12.7 மில்லி, அதற்கு 12 மில்லி போட்டால் இரும்பு ஏறக்குறைய 11 வீதம் குறைகிறது. 0.7 மில்லி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வலிமை விட்டத்தோடு போவதில்லை, விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. யாராவது பழைய வீட்டுப் படம் ஒன்றைக் கொண்டுவந்து "இதே மாதிரி தூண் போடுவோம், அரை இஞ்சிக்குப் பதில் பன்னிரண்டு" என்றால் சம்மதிக்காதீர்கள், மில்லிமீற்றரில் புதிதாகக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி என்ஜினியரிடம் கேளுங்கள். கம்பி நீளத்திலும் ஒரு சின்னக் கள்ளம் உண்டு: 20 அடிக் கம்பி என்று விற்பது 6 மீற்றர், அதாவது 19 அடி 8 அங்குலம்.

தரை ஓடு இதே ரகம். "ரெண்டுக்கு ரெண்டு டைல்" என்பார்கள், பெட்டியில் 600க்கு 600 என்று அச்சடித்திருக்கும். இரண்டு அடி என்றால் 609.6 மில்லிமீற்றர். ஒன்பதரை மில்லிதானே என்று விட்டால், 20 அடி மண்டபத்தில் பத்து ஓடு வைத்த பிறகு, இடைவெளிக்கு இரண்டு இரண்டு மில்லி விட்டாலும், சுவரோரம் மூன்று அங்குலம் வெறுமையாக நிற்கும். அதற்கு ஓடு வெட்டி ஒட்ட வேண்டும், வாசலுக்கு நேரே அந்தத் துண்டு வரிசை வந்தால் வீடு முழுக்க அதுதான் கண்ணில் படும். எண்ணிக்கையிலும் அப்படித்தான். ஓடு ஒன்றுக்கு நாலு சதுர அடி என்று கணக்குப் போட்டால் 400 சதுர அடிக்கு 100 ஓடு, உண்மையில் ஒரு ஓடு 3.875 சதுர அடிதான், 104 வேண்டும், உடைவதற்கும் வெட்டுவதற்கும் வைப்பது அதற்கு மேல். பிறகு நாலு ஓட்டுக்காகக் கடைக்குப் போனால் அதே நிறத் தொகுதி இராது.

"இலங்கை மெட்ரிக் நாடுதானே" என்றீர்கள். சட்டப்படி ஆம். 1970களில் மாறத் தொடங்கியது, இப்போது நடப்பில் இருப்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அளவீட்டு அலகுகள் நியமங்கள் சேவைகள் பற்றியது. கடையில் கிலோ, பெற்றோல் நிலையத்தில் லீற்றர், வீதியில் கிலோமீற்றர், இதெல்லாம் நன்றாகவே மாறிவிட்டது. ஆனால் சந்தையில் நின்று பாருங்கள். பாண் இறாத்தல் என்றுதான் கேட்கிறோம், நிறை 450 கிராம், பழைய இறாத்தலின் 453.6 கிராமுக்குப் பக்கத்தில். அந்தர் என்பது 112 இறாத்தல், 50.8 கிலோ, இன்று 50 கிலோ மூட்டைக்கு அதே பெயர். தேங்காயெண்ணெய் போத்தல் கணக்கு, 750 மில்லிலீற்றர், ஒரு போத்தல் விலையையும் ஒரு லீற்றர் விலையையும் ஒப்பிட்டு "இந்தக் கடை மலிவு" என்கிறவர்கள் நிறையப் பேர். மருதமுனைக் கைத்தறிச் சேலையை ஆறு யார் என்போம், பில்லில் ஐந்தரை மீற்றர். வாடைக்காற்று மழை தொடங்கினால் செய்தியில் மழைவீழ்ச்சி மில்லிமீற்றரில் வரும், குளத்தின் நீர்மட்டம் அடியில் வரும், கேட்கிற நமக்கு ஒன்றும் குழப்பமில்லை, ஏனென்றால் இரண்டையும் ஒன்றோடொன்று கழிக்க யாரும் போவதில்லை.

அம்பாறைப் பக்கம் நீர்ப்பாசனக்காரர்கள் இன்னும் ஏக்கர் அடி பேசுகிறார்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், 1,233 கன மீற்றர். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் கொள்ளளவை 770,000 ஏக்கர் அடி என்பார்கள், மெட்ரிக்கில் 95 கோடி கன மீற்றர். வயலை ஏக்கரில் வைத்திருக்கிறவனுக்கு ஏக்கர் அடி மிக வசதி, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உரமும் கிருமிநாசினியும் வேறு. திணைக்களத்தின் சிபாரிசு ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும், விவசாயி வயலை ஏக்கரில் எண்ணுவார். ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால் ஏக்கருக்கு 40 கிலோ. 100ஐ அப்படியே ஏக்கருக்கு எறிந்தால் இரண்டரை மடங்கு, காசும் வீண், பயிரும் சாய்ந்துவிடும்.

சரி, மெட்ரிக்கின் அழகையும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பழைய ஆள் என்று நினைப்பீர்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் சரியாக ஒரு லீற்றர். உங்கள் கூரை 111 சதுர மீற்றர், 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 11,100 லீற்றர், மனக்கணக்கு. மழைத் தண்ணீர் சேர்க்கத் தாங்கி வைக்கப் போகிறீர்கள் என்றால் 1,000 லீற்றர் தாங்கி எவ்வளவு விரைவில் நிரம்பி வழியும் என்று உடனே தெரிந்துவிடும். இதையே சதுர அடி, அங்குலம், கலன் என்று செய்து பாருங்கள், கல்குலேட்டர் இல்லாமல் முடியாது.

கலன் என்றதும் நினைவு வருகிறது. உங்கள் பக்கம் இன்னொரு குழப்பம், பிரித்தானியக் கலனும் அமெரிக்கக் கலனும் ஒன்றில்லை. 1824இல் பிரித்தானியர் தங்கள் அளவுகளை ஒழுங்குபடுத்தி, பத்து இறாத்தல் தண்ணீர் கொள்ளும் அளவு ஒரு கலன் என்று வைத்தார்கள், 4.546 லீற்றர். அமெரிக்கா அதற்கு முன்பே பிரிந்துபோய்விட்டது, பழைய வைன் கலனையே வைத்துக்கொண்டது, 231 கன அங்குலம், 3.785 லீற்றர். அதனால் லண்டனில் இருக்கும் மச்சான் தன் கார் கலனுக்கு 50 மைல் ஓடுகிறது என்றால் லீற்றருக்கு 17.7 கிலோமீற்றர், நியூயோர்க்கில் இருப்பவர் அதே 50 சொன்னால் 21.3. தொன்னும் அப்படி. பிரித்தானியத் தொன் 2,240 இறாத்தல், 1,016 கிலோ, அமெரிக்கத் தொன் 2,000 இறாத்தல், 907 கிலோ, மெட்ரிக் தொன் 1,000 கிலோ. நகைக்கடையில் அவுன்ஸ் 31.1 கிராம், பலசரக்கில் 28.35. பெயர் ஒன்று, பொருள் இரண்டு மூன்று. ஆகவே இம்பீரியல் என்று ஒரே முறை இருக்கிறது என்று நினைப்பதே பிழை.

இன்னொரு உண்மை பலருக்குத் தெரியாது. அடி, இறாத்தல் எல்லாம் இன்று தனியாக நிற்கும் அளவுகளே இல்லை. 1959இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியவை சேர்ந்து ஒரு யார் என்றால் 0.9144 மீற்றர், ஒரு இறாத்தல் என்றால் 0.45359237 கிலோகிராம் என்று முடிவு செய்தன. அன்றிலிருந்து அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர், மிச்சம் மீதி இல்லாமல். அதாவது அடியில் அளக்கிறவனும் மீற்றரின் ஒரு துண்டைத்தான் பிடித்து அளக்கிறான்.

உங்கள் கனடாவும் முழுக்க மாறிய நாடு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வீட்டு விளம்பரம் சதுர அடியில், மரக்கடையில் இரண்டுக்கு நாலு என்று விற்கிற பலகை உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை. மாறும் காலத்தில் அங்கே நடந்த கதைதான் உலகப் புகழ். 1983 ஜூலை 23, எயார் கனடாவின் 143ஆம் விமானம், மொன்றியலில் இருந்து எட்மன்டனுக்கு. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை, ஆகவே கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். அந்தப் போயிங் 767 அந்த நிறுவனத்தில் புதிது, கிலோவில் கணக்கு வைப்பது. ஆனால் லீற்றரை நிறையாக மாற்ற எடுத்த எண் 1.77, அது இறாத்தலுக்கான எண், கிலோவுக்கு 0.8 எடுத்திருக்க வேண்டும். 22,300 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 22,300 இறாத்தல்தான் இருந்தது, பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு என்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. விமானிக்கு கிளைடர் ஓட்டிப் பழக்கம் இருந்ததால் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கிவிட்டார், 69 பேரும் தப்பினார்கள். 1999இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்ததும் இதே கதை: ஒரு பக்கத்தின் மென்பொருள் இறாத்தல் விசையில் எண் கொடுத்தது, மறு பக்கம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டிலும் யாருக்கும் கணக்குத் தெரியாமல் இல்லை. எண்ணோடு அலகு சேர்ந்து போகவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு துண்டு, வீட்டுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது உதவும். அம்மா "சுகர் 126" என்பார், உங்கள் பக்கம் டொக்டர் 7 என்பார், இரண்டும் ஒன்றுதான். இங்கே பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம், அங்கே லீற்றருக்கு மில்லிமோல், அங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் இங்குள்ள எண் வரும். இதில் வேடிக்கை, இரண்டுமே மெட்ரிக். காய்ச்சல் 102 என்றால் பயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன், அது 38.9 பாகை செல்சியஸ், டொக்டரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் வேலைக்கு நான் சொல்வது. மேசன் கையில் பிடிக்கிற படம் அடி அங்குலத்தில் இருக்கட்டும், அனுமதிக்காகப் பிரதேச சபைக்குப் போகிற பிரதியில் மீற்றர் இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒரே தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம். சிலர் 10 அடியை 3,000 மில்லி என்று முழுசாக்கிக் கீறுவார்கள், அது 9 அடி 10 அங்குலம், அறைக்கு அறை இரண்டு அங்குலம் தின்றுகொண்டே போகும், கடைசி அறையில் அலுமாரி வைக்கும்போது தெரியும். 3,048 என்று எழுதச் சொல்லுங்கள், அல்லது முதலிலேயே 3 மீற்றர் அறை என்று தெரிந்தே முடிவெடுங்கள். கம்பியும் கொங்கிறீற்றும் என்ஜினியரின் மில்லிமீற்றரிலேயே இருக்கட்டும், அதை யாரும் தொட வேண்டாம். பொருள் பட்டியலை மட்டும் கடை விற்கிற அளவில் கேளுங்கள்: மணல் கியூபில், கம்பி எண்ணிக்கையில், ஓடு பெட்டியில், சீமெந்து மூட்டையில். மாற்றுகிற வேலையை எஸ்டிமேட் போடுகிறவர் ஒரே ஒரு தடவை செய்யட்டும். நீங்கள் ஒருமுறை, மச்சான் ஒருமுறை, கடைக்காரர் ஒருமுறை என்று மாற்றினால் மூன்று விடை வரும். கொந்தராத்துக் கடதாசியில் "ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், மேசன் சிரிப்பார், சிரிக்கட்டும். அளக்கிற எல்லோரும் ஒரே டேப்பைப் பாவித்தால் இன்னும் நல்லது. மலிவு டேப்பின் கொழுக்கி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அளவிலும் ஒரு நூல் இரண்டு நூல் ஏமாற்றும், அதற்கு மெட்ரிக்கும் தெரியாது, இம்பீரியலும் தெரியாது.

கடைசியாகக் குழாய். "அங்கேயிருந்து நல்ல குழாய்த்தலை கொண்டுவரட்டுமா, அரை இஞ்சிதானே எல்லா இடமும்" என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அரை இஞ்சி என்பது வெறும் பெயர், இங்கே அந்தப் பெயரில் விற்கிற பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 20 மில்லிமீற்றர், அரை இஞ்சிப் புரியின் வெளிவிட்டம் 21 மில்லிமீற்றர் அளவில், இரண்டிலும் 12.7 எங்குமே இல்லை. முக்கால் 25, ஒன்று 32 என்று அப்படியே போகும். புரியில் இங்கே பாவிப்பது பிரித்தானிய முறை, 55 பாகைக் கோணம், வட அமெரிக்காவில் 60 பாகை. அரை இஞ்சியில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான், அதனால் முதல் இரண்டு சுற்றுக்கு இதமாக ஏறும், பிறகு இறுகும், ஒழுகாமலிருக்கப் புரியில் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்கிவிட்டால் பிடித்த மாதிரியும் இருக்கும். தண்ணீர் அழுத்தம் வந்த பிறகு ஒழுகும், ஓடு ஒட்டிய சுவருக்குள் என்றால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். குழாய்த்தலை மட்டக்களப்பிலேயே வாங்குங்கள். கொண்டுவருவதென்றால் அளக்கிற நல்ல டேப் ஒன்று கொண்டுவாருங்கள், ஒரு ஓரம் அங்குலம், மறு ஓரம் மில்லிமீற்றர் உள்ளது, மேசனுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.